ஏழரை சென்டிமீட்டர் நிழலின் விலை

வடக்கு குயின்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் தெற்கு அட்சரேகை 20 டிகிரியில் இருக்கிற ஊர். டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 86 டிகிரி உயரத்தில், உச்சந்தலைக்கு நேராக நிற்கும். ஜூன் 21 நண்பகலில் அதே சூரியன் வடக்கே சாய்ந்து 46 டிகிரிதான் ஏறும். வேட்டைக்கென்று தொப்பி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு எண்களை. விலைச்சீட்டு அப்புறம்.

சார்ட்டர்ஸ் டவர்ஸை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்கள் தேடிப் போவது நம் ஊர்ப் புள்ளிமானை. 1886இல் ஊருக்கு வடக்கே உள்ள மேரிவேல் பண்ணையில் கொண்டுவந்து விட்ட சில மான்கள் பெருகி, இன்று மாட்டுப் பண்ணைகளின் புல்லையும் தண்ணீரையும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. குயின்ஸ்லாந்து அரசு 2014ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் புள்ளிமானை ஊடுருவிய விலங்கு என்று வகைப்படுத்தியிருக்கிறது. துப்பாக்கி உரிமமும் நிலக்காரரின் அனுமதியும் உள்ளவர் தனியார் நிலத்தில் சுடலாம். இந்தியாவில் இதே மானைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கணக்கு முழுக்க ஆஸ்திரேலிய வெயிலுக்கும் ஆஸ்திரேலியக் கடைகளுக்கும் உரியது. டவுன்ஸ்வில், பிரிஸ்பேன் பக்கம் குடியேறி, பண்ணைக்கார நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்பும் தமிழ் இளைஞர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொப்பியின் வேலையை அளப்பது எளிது. விளிம்பின் அகலத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால், சூரியனைப் பார்த்து நிற்கும்போது முகத்தில் எத்தனை சென்டிமீட்டர் நிழல் இறங்கும் என்று தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 20 டிகிரி அட்சரேகையில் செப்டம்பர் 22ஐ ஒட்டி, சூரிய நேரப்படி, 7.5 செ.மீ. விளிம்புக்குக் கிடைக்கும் நிழல் இது:

காலை 7 மணி: சூரியன் 14 டிகிரி, நிழல் 1.9 செ.மீ.
காலை 8 மணி: 28 டிகிரி, 4 செ.மீ.
காலை 9 மணி: 42 டிகிரி, 6.7 செ.மீ.
காலை 10 மணி: 54 டிகிரி, 10.5 செ.மீ.
நண்பகல்: 70 டிகிரி, 20 செ.மீ.க்கு மேல்.

இந்த எண்களை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொப்பி உட்காரும் நெற்றிக் கோட்டிலிருந்து கண் ஏறக்குறைய 5 செ.மீ. கீழே. மூக்கு நுனி 9 அல்லது 10. தாடை 16, 17. ஆக, காலை எட்டு மணி வரை 7.5 செ.மீ. விளிம்பால் கண்ணைக்கூட மறைக்க முடியாது. எட்டரைக்குக் கண் நிழலுக்குள் வரும். மூக்கு வர பத்து மணி ஆகிவிடும். தாடை பதினொரு மணிக்குத்தான் நிழலைப் பார்க்கும்.

மான் வேட்டையின் நேரமோ இதற்கு நேர் எதிர். புள்ளிமான் மேயக் கிளம்புவது விடியலிலும் மாலையிலும். வெயில் ஏறியதும் மரத்தடியில் படுத்துவிடும். வேட்டைக்காரர் கண்ணைச் சுருக்கி மலைச்சரிவைத் துழாவுகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த விளிம்பும் முழு நிழல் தராது. 10 செ.மீ. அகல விளிம்பு போட்டாலும் காலை ஏழு மணிக்குக் கிடைப்பது 2.5 செ.மீ. நிழல். அந்த நேரத்துக் கூச்சத்துக்கு மருந்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடக்கும் பாதையைத் தேர்ந்தெடுப்பது. அதற்குப் பணச் செலவே கிடையாது. முடியாத இடத்தில் தொப்பியை நெற்றியில் இரண்டு விரல் இறக்கிவிட்டால் கொஞ்சம் தாங்கும்.

அப்படியானால் தொப்பி எதற்கு? திரும்பி வரும் நடைக்கு. மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒன்பது மணியிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு வரை வண்டிக்குத் திரும்பி நடக்கிறோம். கிடைத்துவிட்டால் வெட்டவெளியில் குனிந்து உட்கார்ந்து தோலுரித்து, இறைச்சியைப் பிரித்துப் பையில் கட்டும் வேலை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. குனிந்த தலையில் பிடரியும் காதும் முழுதாக வானத்துக்குத் தெரிகின்றன. பொசுங்குவது இந்த நேரத்தில்தான்.

பொசுங்கலுக்கும் எண் உண்டு. புற ஊதாக் குறியீட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட், தோலைச் சிவக்க வைக்கும் கதிர். வடக்கு குயின்ஸ்லாந்துக் கோடை நண்பகலில் குறியீடு 12ஐத் தாண்டுவது சாதாரணம். 12 என்றால் 300 மில்லிவாட். வெள்ளைத் தோல் சிவக்கத் தொடங்க ஏறக்குறைய 200 ஜூல் போதும் என்று கொண்டால், 11 நிமிடத்தில் கதை முடிந்தது. பழுப்புத் தோலுக்கு இது மூன்று நான்கு மடங்கு. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வரை தாங்கும். ஆனால் தோலுரிக்கும் வேலையே ஒரு மணி நேரம். நமக்கு மெலனின் இருக்கிறது, தொப்பி வெள்ளைக்காரனுக்கு என்று சொல்லும் நண்பர்கள் இந்த ஒரு மணியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணையும் மறந்துவிடுகிறார்கள். கண்புரையும், வெள்ளை விழியில் வளரும் சதையும் தோல் நிறம் பார்த்து வருவதில்லை.

ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒருவகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படும் என்பது அந்நாட்டுப் புற்றுநோய்க் கழகம் ஆண்டாண்டாகச் சொல்லிவரும் கணக்கு. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வைத்து அவர்கள் விளம்பரம் தொடங்கியது 1981இல். அதே கழகம் தொப்பிக்குத் தெளிவான அளவுகள் தருகிறது. பெரியவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி என்றால் விளிம்பு குறைந்தது 7.5 செ.மீ. ஆழமான கூடுள்ள பக்கெட் தொப்பி என்றால் 6 செ.மீ. கிரிக்கெட் கேப் அவர்கள் பட்டியலிலேயே இல்லை, காதும் கன்னமும் பிடரியும் வெளியே கிடப்பதால்.

இந்த 7.5 குருட்டுக் கணக்கு அல்ல. 1992இல் டிஃப்பி, சீஸ்மன் என்ற இருவர் பொம்மைத் தலைகளில் தொப்பிகளை மாட்டி, முகத்தின் ஒவ்வொரு இடத்திலும் விழுந்த புற ஊதாக் கதிரை அளந்தார்கள். 7.5 செ.மீ.க்கு மேற்பட்ட விளிம்பு மூக்குக்கு 7 மடங்கு, பிடரிக்கு 5 மடங்கு, கன்னத்துக்கு 3 மடங்கு, தாடைக்கு 2 மடங்கு காப்புத் தந்தது. இரண்டரைக்கும் ஏழரைக்கும் இடைப்பட்ட விளிம்பு மூக்குக்கு 3, கன்னத்துக்கு 2, பிடரிக்கு 2 தந்ததோடு நின்றது. தாடைக்கு ஒன்றுமில்லை. இரண்டரைக்கும் கீழே போனால் மூக்குக்கு ஒன்றரை மட்டும்.

வேறு விதமாகச் சொன்னால், நல்ல அகலத் தொப்பி போட்டவரின் கன்னத்திலும் மூன்றில் ஒரு பங்கு கதிர் விழுந்துகொண்டேதான் இருக்கும். தாடையில் பாதி. நிழல் விழுந்த இடத்தில் கதிர் இல்லை என்று கண் சொல்லும், அது பொய். புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு சூரிய வட்டத்திலிருந்து நேராக வராமல் நீல வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. தரையிலிருந்தும் திரும்புகிறது. புல்லும் மண்ணும் 10 சதவீதத்துக்குள், உலர்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. விளிம்பின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் அந்தத் திரும்பிய ஒளியை மறுபடி முகத்தில் அடிக்கும். அடிப்பக்கம் கரும்பச்சை, அடர் பழுப்பு, கறுப்பு என்று இருப்பதே நல்லது. தொப்பியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள்.

சரி, 7.5 இவ்வளவு தருகிறதென்றால் 10 செ.மீ. இன்னும் தருமே? தரும். மாடு மேய்ப்பவருக்கும் வேலி போடுபவருக்கும் 10 செ.மீ. நல்ல தொப்பி. வேட்டைக்காரருக்கு அதில் மூன்று சிக்கல்கள்.

முதலாவது ஸ்கோப். பெரும்பாலான ரைஃபிள் ஸ்கோப்புகளில் கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே விட வேண்டிய தூரம் 9 செ.மீ. அளவில் இருக்கும். கண் நெற்றிக் கோட்டுக்கு ஒன்றரை செ.மீ. உள்வாங்கி இருக்கிறது. 7.5 செ.மீ. விளிம்பின் நுனி, ஒன்றரையும் சேர்த்தால், கண்ணிலிருந்து சரியாக 9 செ.மீ.யில் நிற்கும். ஸ்கோப்பின் வாயைத் தொட்டும் தொடாமலும். 10 செ.மீ. விளிம்பு ஸ்கோப்புக்கு மேலே இரண்டரை செ.மீ. ஏறி நிற்கும். நின்று சுட்டால் பாதகமில்லை. குப்புறப் படுத்துச் சுடும்போது கன்னத்தைக் கட்டையில் அழுத்தத் தலை முன்னே கவிழும். விறைத்த விளிம்பு ஸ்கோப்பில் முட்டித் தொப்பியைப் பின்னால் தள்ளும். பின்விளிம்பு முதுகுப்பையில் இடித்து முன்னால் தள்ளும். இரண்டு தள்ளலுக்கும் நடுவில் தொப்பி புருவத்துக்கு இறங்கிக் கண்ணை மறைக்கும், அல்லது கழன்று விழும். 150 மீட்டரில் நிற்கும் மானுக்கு அந்த அசைவு போதும். ஒரு குரைப்பு, வாலை நிமிர்த்திக் கூட்டம் மொத்தமும் மறைந்துவிடும்.

விளிம்பும் துப்பாக்கியும் ஒத்துப்போகாத சங்கதி பழையது. ஆஸ்திரேலியப் படையின் அடையாளமான, ஒரு பக்கம் மடக்கிய தொப்பியை 1885இல் விக்டோரியாவின் குதிரைத் துப்பாக்கிப் படைக்குக் கொண்டுவந்தவர் டாம் பிரைஸ். அதற்கு முன் பல ஆண்டுகள் மதராஸ் ராணுவத்தில் பணியாற்றியவர். பர்மாவில் கண்ட தொப்பியின் சாயலில் அமைத்தார் என்பார்கள். தோளில் சாய்த்த துப்பாக்கி விளிம்பில் இடிக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பக்கத்தை மடக்கிக் குத்தினார்கள். அணிவகுப்புக்கு அது சரி. வெயிலுக்கு, ஒரு காதை விலையாகக் கொடுத்த ஏற்பாடு அது. பின்னாளில் வியட்நாம் காட்டில் அதே படை போட்டது மென்மையான பருத்தித் தொப்பியை.

இரண்டாவது, காது. வேட்டை ரைஃபிளின் வெடிச்சத்தம் 150 டெசிபலுக்கு மேல். செவிக்கவசம் மாட்டாமல் சுடுவது பைத்தியக்காரத்தனம். மின்னணுக் கவசத்தின் வளையம் தலைமேல் போகிறது. விறைத்த பெருந்தொப்பியோடு அது சேராது. மெல்லிய துணித் தொப்பியின் மேல் வளையத்தை மாட்டினால் விளிம்பு கொஞ்சம் மடங்கிக்கொடுக்கும். விறைத்த தொப்பிதான் வேண்டும் என்றால் காதுக்குள் செருகும் அடைப்பானுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, காற்று. யூட் வண்டியின் திறந்த பின்தட்டில் நின்று 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்று வையுங்கள். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 நியூட்டன் அழுத்தம் தரும். 7.5 செ.மீ. விளிம்பின் பரப்பு சுமார் 620 சதுர செ.மீ. அடியில் காற்று முழுதாகப் பிடித்தால் மேலே தூக்கும் விசை ஏறக்குறைய 450 கிராம் எடைக்குச் சமம். 10 செ.மீ. விளிம்பில் அது 650 கிராமைத் தாண்டும். தொப்பியின் எடையோ 100, 150 கிராம். தாடைக் கயிறு இல்லாத தொப்பி வண்டியிலிருந்து பறப்பது விதி. கயிறும் மரக்குமிழும் சேர்ந்து ஐந்து டாலருக்குள். வாங்கும் தொப்பியில் இல்லாவிட்டால் இரண்டு கண்ணித்துளை அடித்து நாமே கோத்துக்கொள்ளலாம்.

ஆக, என் முடிவு: விளிம்பு 7 முதல் 7.5 செ.மீ. அதுவும் கையால் மடக்கினால் மடங்கி, விட்டால் நிமிர்கிற துணி விளிம்பு. விளிம்போரம் நான்கைந்து வரிசைத் தையல் ஓடியிருந்தால் அந்தக் குணம் வரும். ஒற்றைத் தையல் விளிம்பு வியர்வையில் நனைந்து ஒரு மாதத்தில் காதின்மேல் தொங்கிவிடும். தொங்கிய 7.5 செ.மீ. கிடைமட்டத்தில் 5 செ.மீ.தான்.

இனி விலை. கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் மாறும். டாலர் என்பதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர் என்று மனதில் வைத்துக்கொண்டு, சுமாரான எண்களாகப் படியுங்கள். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வாரம் ஒருமுறை வெயிலில் போகிறவருக்கு நான் போடும் மதிப்பு.

முயல் ரோமத்தில் செய்த அகுப்ரா போன்ற ஃபெல்ட் தொப்பி 200 டாலரைத் தாண்டும். 220 என்று கொள்வோம். பத்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 22 டாலர். எடை 150 முதல் 200 கிராம். அழகுக்கு இணையில்லை. மழையைத் தாங்கும், முள்ளைத் தாங்கும், தணலைக்கூடத் தாங்கும். ஆனால் விளிம்பு விறைப்பு, மடித்துப் பைக்குள் வைக்க முடியாது, ஈரம் காய நாளாகும்.

தோல் தொப்பி சுமார் 90 டாலர், ஆறாண்டு, ஆண்டுக்கு 15. எடை 200 கிராமுக்கு மேல். 35 டிகிரியில் தலைமேல் தோல் எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

கனத்த கேன்வாஸில் பல வரிசைத் தையல் போட்ட அகல விளிம்புத் தொப்பி 60 டாலர், நான்காண்டு, ஆண்டுக்கு 15. எடை 120, 150 கிராம்.

ராணுவ பாணிப் பருத்தித் தொப்பி 25 டாலர், இரண்டாண்டு, ஆண்டுக்கு 12.50. எடை 100 கிராம். விளிம்பு பெரும்பாலும் 6 செ.மீ.க்குள். அளந்து வாங்கினால் 7 கிடைக்கலாம்.

வைக்கோல் தொப்பி 15 டாலர், ஒரு பருவம். காற்றோட்டத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் முதுகுப்பையும் புதரும் சேர்ந்து ஒரு பருவத்தில் நொறுக்கிவிடும். பின்னலில் இடைவெளி இருந்தால் கதிரும் உள்ளே வந்துவிடும்.

பத்தாண்டுச் செலவாகக் கூட்டினால் ஃபெல்ட் 220, கேன்வாஸ் 150, தோல் 150, வைக்கோல் 150, பருத்தி 125. மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் பத்தாண்டில் 95 டாலர். ஆண்டுக்குப் பத்து டாலர்கூட இல்லை. விலையை வைத்துத் தொப்பியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மற்றச் செலவுகளைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகும். டவுன்ஸ்வில்லிலிருந்து சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். போய்வர 270. நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டியில் 32 லிட்டர் டீசல், 60 டாலரை ஒட்டி வரும். ஒரு தடவை போய்வரும் டீசல் காசில் கேன்வாஸ் தொப்பி நான்காண்டுக்கு வந்துவிடுகிறது. இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டிக்கும் ஏறக்குறைய அதே விலைதான்.

சன்ஸ்க்ரீன் கணக்கு இன்னும் கடுமை. முகம், காது, கழுத்துக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. இரண்டு மணிக்கொரு முறை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வெளியே இருந்தால் நான்கு தடவை, 20 மில்லி. 110 மில்லிக் குழாய் ஐந்து நாளைக்கு வரும். குழாய் 13 டாலர் என்றால் நாளுக்கு இரண்டரை டாலர். 60 டாலர் தொப்பி 24 நாள் களிம்புக்குச் சமம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்னத்தில் விழும் மூன்றில் ஒரு பங்குக்கும் தாடையில் விழும் பாதிக்கும் களிம்புதான் பதில். ஆனால் வேட்டைக்குப் போன இடத்தில் கை ரத்தமும் மண்ணுமாக இருக்கும்போது இரண்டாவது முறை களிம்பு பூசுகிறவர் அரிது. தொப்பியை யாரும் மறுபடி பூச வேண்டியதில்லை.

துணியின் தரத்தைச் சீட்டில் பார்க்கலாம். காப்புக் குறியீடு 50+ என்றால் துணி வழியே ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான கதிரே நுழையும், 2 சதவீதத்துக்குள். 15 என்றால் 6.7 சதவீதம். இந்த அளவுமுறைக்கு உலகிலேயே முதலில் தரநிலை வகுத்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான், 1996இல். சீட்டு இல்லாத தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சங்கள் தெரிந்தால் வைத்துவிடுங்கள். உச்சியில் வலைத்துணி வைத்துக் காற்றோட்டம் என்று விற்கும் தொப்பிகள் இருக்கின்றன. முடி குறைந்த தலைக்கு அவை ஆகவே ஆகாது. காற்றுக்குப் பக்கவாட்டில் நான்கு கண்ணித்துளை போதும். அதைவிட முக்கியம் உச்சிக்கும் தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வெயில் சுடுவது தொப்பியின் கூரையை, அந்தச் சூடு மண்டைக்கு இறங்காமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். கூடு 10, 11 செ.மீ. ஆழமாக இருந்தால் இடைவெளி தானாக வரும்.

சூட்டையும் ஒரு வரி அளந்துவிடலாம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். மேலிருந்து பார்த்தால் வெறுந்தலையின் பரப்பு 250 சதுர செ.மீ., அதன்மேல் விழுவது 25 வாட். 7.5 செ.மீ. விளிம்புத் தொப்பி 900 சதுர செ.மீ. பரப்பில் 90 வாட்டைத் தடுக்கிறது. முகம், கழுத்து, தோளின் ஒரு பகுதி எல்லாம் இதில் அடக்கம். தொப்பி போட்டால் தலை வேகும் என்பவர்கள் கூட்டுக்குள் காற்றே இல்லாத தொப்பியைப் போட்டிருப்பார்கள்.

நனைத்துப் போடுவது நல்ல பழக்கம். 100 மில்லி தண்ணீர் ஆவியாக 240 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு மணி நேரத்தில் காய்ந்தால் 67 வாட் குளிர்ச்சி. அதில் பெரும்பகுதியை வெயிலும் காற்றும் எடுத்துக்கொள்ளும், ஒரு பகுதி தலைக்குக் கிடைக்கும். வறண்ட காற்றில் அது நன்றாகவே தெரியும். பருத்தியும் கேன்வாஸும் இதற்கு ஏற்றவை, ஃபெல்ட்டும் தோலும் அல்ல. மெல்லிய பருத்தி நனைந்தால் கதிரை அதிகம் விடும் என்பதால் துணி கனமாக இருக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து என்பது அடுத்த கேள்வி. குடிக்கும் தண்ணீரைத் தொப்பியில் ஊற்றாதீர்கள். அந்த வெயிலில் நடைக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வயிற்றுக்கே வேண்டும். ஓடையோ மாட்டுத் தொட்டியோ வரும்போது நனைத்துக்கொள்ளலாம்.

பெரிய முதுகுப்பையோடு நாள்கணக்கில் போகிறவருக்கும் வில்வேட்டைக்காரருக்கும் இன்னொரு வழி உண்டு. முன்னால் கேப், பின்னால் காதையும் பிடரியையும் மூடித் தொங்கும் துணி. புற்றுநோய்க் கழகம் ஒப்புக்கொள்ளும் வடிவம். 20, 30 டாலர். பையில் இடிக்காது, வில் நாணும் தட்டாது. காதை மூடுவதால் சருகுச் சத்தம் மங்கும் என்பது ஒரு குறை. மானைக் கண்ணால் மட்டுமே தேடுகிற வெட்டவெளியில் அது பெரிய குறையல்ல.

அளவு எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நெற்றியில், காதுக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றிச் சென்டிமீட்டரில் எடுங்கள். 57.5 என்று வந்தால் 58 வாங்குங்கள். வெயிலில் இறுகிய தொப்பி மணிக்கணக்கில் தலைவலியாக மாறும். தளர்வைக் கயிறு பார்த்துக்கொள்ளும். பிறகு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, முதுகில் பையோடு அங்கேயே தரையில் குப்புறப் படுத்துப் பாருங்கள். கையில் சுருட்டிய செய்தித்தாள் இருந்தால் அதுவே ரைஃபிள். தொப்பி புருவத்துக்கு இறங்குகிறதா என்பது பத்து வினாடியில் தெரியும்.

கடைசியாக நிறம். மானின் கண்ணில் நிறம் காணும் கூம்புகள் இரண்டு வகைதான். வெண்வால் மான்களில் அளந்தபோது ஒன்று 450, 460 நானோமீட்டர் நீலத்தில், மற்றொன்று 537 நானோமீட்டர் பச்சையில் உச்சம் கண்டது. ஆரஞ்சும் சிவப்பும் அவற்றுக்கு மங்கல். நீலம்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே நீலத் தொப்பி வேண்டாம். வெண்மை கூட்டும் சலவைத்தூளில் தொப்பியைத் துவைக்கவும் வேண்டாம், அந்தத் தூள் துணியை நீலமாக ஒளிரச் செய்யும். மனிதக் கண்ணுக்கோ ஆரஞ்சு கூவிச் சொல்லும் நிறம். நியூ சவுத் வேல்ஸில் அரசுக் காடுகளில் வேட்டைக்குப் போகிறவர் தொப்பியிலோ மேற்சட்டையிலோ அந்த ஆரஞ்சை அணிந்தாக வேண்டும். தனியார் பண்ணையில் யாரும் கேட்பதில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். காய்ந்த புல் நிறத் தொப்பியோடு புதருக்குள் குனிந்து தோலுரிக்கும் ஆள், 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு துப்பாக்கிக்காரரின் கண்ணுக்கு வெறும் அசைவு. ஐந்து டாலர் ஆரஞ்சுப் பட்டை ஒன்றைத் தொப்பியைச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு வருபவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.